இரண்டரை என்ற எண்ணை எடைபோட்டால்

அடித்து இறக்கும் பைல் அடித்தளத்தின் வடிவமைப்புக் கோப்பு எதைத் திறந்தாலும் அதில் ஒரு வகுத்தல் கணக்கு இருக்கும். மண் பரிசோதனை அறிக்கையை வைத்து ஒரு பைல் அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட்டிருப்பார்கள். 1,500 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். அதை 2.5ஆல் வகுத்து, பைலுக்கு அனுமதிச் சுமை 600 கிலோநியூட்டன் என்று முடித்திருப்பார்கள். அந்த 1,500ஐக் கண்டுபிடிக்கப் பல பக்கங்கள் செலவாகியிருக்கும். 2.5க்கு விளக்கமாக, பைல்களுக்கான இந்தியத் தர விதிநூலைச் சுட்டி, "ஐ.எஸ். 2911 படி" என்ற ஒரு வரிதான் இருக்கும். பைல் எண்ணிக்கை, செலவு, கட்டடத்தின் பத்திரம் ஆகிய மூன்றையும் மற்ற எல்லா எண்களையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது இந்த ஒரு எண். அதற்குக் கிடைக்கும் விசாரணையோ மிகக் குறைவு.

பாதுகாப்புக் காரணி எத்தனை இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இன்று மூன்று வகையான பதில்கள் புழக்கத்தில் உள்ளன. எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்பது ஒன்று. பைலின் திறனை எந்த முறையில் கண்டறிந்தோம் என்பதைப் பொறுத்து மாறும் எண் என்பது இரண்டாவது. எத்தனை முறை சோதித்தோம் என்பதைப் பொறுத்து மாறும் எண் என்பது மூன்றாவது. முதலாவதிலிருந்து தொடங்குவோம். அதன் வரலாறு நீளமானது, பாடமும் கடுமையானது.

1888இல் அமெரிக்காவின் 'இன்ஜினியரிங் நியூஸ்' இதழின் ஆசிரியர் ஏ. எம். வெலிங்டன் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். எடை ஒன்றை உயரத்திலிருந்து விழவிட்டு மரப் பைல்களை அடித்து இறக்கிய காலம் அது. சம்மட்டியின் எடையை விழும் உயரத்தால் பெருக்கி, கடைசி அடியில் பைல் எத்தனை அங்குலம் இறங்கியதோ அதனுடன் ஒன்றைக் கூட்டி வகுத்து, இரண்டால் பெருக்கினால் பாதுகாப்பான சுமை கிடைத்துவிடும். அந்த இரண்டில்தான் பாதுகாப்புக் காரணி இருக்கிறது. உயரம் அடியில், இறக்கம் அங்குலத்தில் என்பதால் அங்கே நியாயமாக 12 இருக்க வேண்டும். வெலிங்டன் அதை ஆறால் வகுத்து 2 ஆக்கினார். ஆக, சூத்திரத்துக்குள்ளேயே ஆறு மடங்கு பாதுகாப்பு உண்டு. ஆறு மடங்கு என்றால் எந்தப் பொறியாளருக்கும் நிம்மதியாகத்தான் இருக்கும்.

அடித்த பைல்கள்மீது உண்மையாகவே சுமை ஏற்றிப் பார்த்தபோது அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்தது. இந்தச் சூத்திரப்படி இறக்கிய பைல்களின் உண்மையான பாதுகாப்புக் காரணி 0.67 முதல் 20 வரை சிதறிக் கிடந்ததாக ஜார்ஜ் சோவர்ஸ் 1979இல் எழுதினார். ஆறு என்று நம்பிய இடத்தில் ஒரு பைல் தன் சுமையைக்கூடத் தாங்காது, இன்னொன்று இருபது மடங்கு தாங்கும். காரணம் என்ன? சம்மட்டியின் ஆற்றல் இழப்பைச் சூத்திரம் அந்த 'ஒன்று' என்ற மாறாத எண்ணால் மட்டும் ஈடுகட்டுகிறது. மிச்சிகன் மாநில நெடுஞ்சாலைத் துறை 1965இல் முடித்த ஆய்வில், உற்பத்தியாளர் சொன்ன ஆற்றலில் 26 முதல் 65 சதவீதம் வரைதான் பைலை எட்டியது. அதோடு, நீளமான பைல் ஒரு கட்டையைப் போல முழுதாக ஒரே நேரத்தில் நகர்வதில்லை. அடி அதில் அலையாக இறங்கி, முனையில் மோதித் திரும்பி வருகிறது. இதைக் கணக்கில் எடுக்கும் அலைச் சமன்பாட்டு முறையை ஈ. ஏ. எல். ஸ்மித் 1960இல்தான் முழுமையாக வெளியிட்டார்.

பாதுகாப்புக் காரணி பெரிதாக இருந்தால் பாதுகாப்பும் பெரிதாக இருக்கும் என்ற எண்ணத்தை இந்த வரலாறு நொறுக்குகிறது. அதை ஒரு கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம். பைலின் உண்மைத் திறன் நாம் கணித்ததைச் சுற்றி எவ்வளவு சிதறுகிறது என்பதை ஒரு சதவீதமாக வைத்துக்கொள்வோம். மண் அறிக்கையை மட்டும் நம்பிய கணிப்புக்கு 50 சதவீதச் சிதறல். அதே தளத்தில் சுமை ஏற்றிச் சோதித்தபின் வரும் கணிப்புக்கு 20 சதவீதம். கட்டடத்தின் சுமைக்கு 15 சதவீதம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஆனால் நடைமுறையிலிருந்து அதிகம் விலகியவை அல்ல. நிகழ்தகவுக் கணக்கில் வழக்கமான லாக்நார்மல் பரவலை எடுத்தால், முதல் பைலுக்கு 2.5 காரணி கொடுத்தும் சுமை திறனை மீறும் வாய்ப்பு நூறில் ஐந்து. சோதித்த பைலுக்கு 2.0தான் கொடுக்கிறோம், அங்கே வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. காரணி குறைவான பைல் ஏறத்தாழ பதினேழு மடங்கு பத்திரமானது.

எண்ணைத் தனியாக எடுத்துப் பேசுவதில் பொருளில்லை என்பது இதிலிருந்து தெளிவு. நாம் எதை வகுக்கிறோமோ அதன் நம்பகத்தன்மை தெரியாமல், வகுக்கும் எண் போதுமா போதாதா என்று யாராலும் சொல்ல முடியாது.

அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் 1997ஆம் ஆண்டு பைல் கையேட்டில் காரணி ஒரு ஏணியாக இருக்கிறது. தளத்தில் நிலைச் சுமைச் சோதனையும் அலைச் சமன்பாட்டுப் பகுப்பாய்வும் செய்தால் 2.0. சுமைச் சோதனைக்குப் பதில், அடிக்கும்போதே பைலில் உணரிகளைப் பொருத்தி அளக்கும் டைனமிக் சோதனை என்றால் 2.25. வெறும் அலைச் சமன்பாட்டுக் கணக்கு மட்டும் என்றால் 2.75. கேட்ஸ் என்பவரின் சூத்திரத்தை மட்டும் நம்பினால் 3.5. பிறகு வந்த, அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கமான ஆஷ்டோவின் விதிநூல் காரணியைத் தலைகீழாக்கி, திறனைப் பெருக்கும் குறைப்பு எண்ணாகத் தருகிறது. ஒவ்வொரு நிலப்பகுதியிலும் சுமைச் சோதனையும் டைனமிக் சோதனையும் செய்தால் 0.80, குறைந்தது இரண்டு சதவீதப் பைல்களில் டைனமிக் சோதனை மட்டும் என்றால் 0.65, மேம்படுத்திய கேட்ஸ் சூத்திரத்துக்கு 0.40. வெலிங்டனின் சூத்திரத்தை, உள்ளே ஒளிந்திருந்த ஆறை நீக்கிய வடிவில், இன்னும் யாராவது பயன்படுத்த விரும்பினால் 0.10. சுமைக்கான பெருக்கிகள் சராசரியாக 1.4 என்று கொண்டால், இந்தக் கடைசி எண் பழைய மொழியில் 14 மடங்கு பாதுகாப்புக்குச் சமம். ஆறு போதும் என்று ஒரு காலத்தில் நம்பிய சூத்திரத்துக்கு அதே நாடு போட்ட இறுதி மதிப்பெண் இது.

ஐரோப்பாவின் யூரோகோடு 7 மூன்றாவது வழியில் போகிறது. அது சோதனைகளின் எண்ணிக்கையைப் பார்க்கிறது. ஒரே ஒரு பைலில் சுமைச் சோதனை செய்தால் கிடைத்த திறனை 1.4ஆல் வகுக்கச் சொல்கிறது. மூன்று சோதனைகள் செய்தால் சராசரியை 1.2ஆல், மிகக் குறைந்ததை 1.05ஆல் வகுத்து, இரண்டில் சிறியதை எடுக்க வேண்டும். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் வகுத்தலே இல்லை. இதற்கு மேல் வேறு பகுதிக் காரணிகளும் உண்டு. சுமைச் சோதனை செய்யாமல் மண் அறிக்கையை மட்டும் நம்பினாலும், நிலத்தை ஓர் இடத்தில் துளைத்துப் பார்த்தவருக்கும் பத்து இடங்களில் துளைத்தவருக்கும் ஒரே எண் கிடைக்காது. சராசரிக்கான வகுக்கும் எண் 1.40லிருந்து 1.25க்கு இறங்கும். சராசரியையும் குறைந்தபட்சத்தையும் ஒருசேரக் கேட்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். ஒரு தளத்தில் ஒரு மூலை மட்டும் பலவீனமாக இருந்தால், அதைச் சராசரி மூடிவிடாமல் அது தடுக்கிறது.

இனி நம் ஐ.எஸ். 2911. அதைக் கண்டிக்குமுன் அதன் வாசகத்தை நேர்மையாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் அதில் இருப்பதும் நடைமுறையில் நடப்பதும் வேறுவேறு. மண் அளவீடுகளிலிருந்து திறனைக் கணக்கிடும் நிலைச் சூத்திரத்துக்குக் காரணி *குறைந்தபட்சம்* 2.5 என்றுதான் அது சொல்கிறது. சூத்திரம் அந்தத் தளத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது, மண்ணின் அளவீடுகள் எவ்வளவு நம்பத்தக்கவை, கட்டடம் எவ்வளவு தாழ்ச்சியைப் பொறுக்கும் என்பவற்றைப் பார்த்துக் காரணியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஏற்றத்தாழ்வான தாழ்ச்சியைத் தவிர்க்க வேண்டிய இடத்திலும், அதிர்வுச் சுமை வரும் இடத்திலும், மண்ணின் தன்மை காலப்போக்கில் கெடக்கூடிய இடத்திலும் அதைக் கூட்டலாம் என்கிறது. நீர் நிறைந்த களியிலும் வண்டலிலும், வெலிங்டனுடையதைப் போன்ற டைனமிக் சூத்திரங்களை நேரடியாகப் பயன்படுத்த முடியாது என்றும் எச்சரிக்கிறது. இவ்வளவும் சரியான பொறியியல்.

குறை, இந்த வாசகங்களுக்கு எண் இல்லை என்பதில் இருக்கிறது. எவ்வளவு கூட்ட வேண்டும் என்று விதிநூல் சொல்லவில்லை. சொல்லாததால் யாரும் கூட்டுவதில்லை. கூட்டினால் பைல் எண்ணிக்கை கூடும், ஏன் என்று உரிமையாளர் கேட்பார், வடிவமைப்பாளருக்குக் காட்ட ஒரு பக்கம்கூட இருக்காது. குறைந்தபட்சம் என்று எழுதியது அப்படியே அதிகபட்சமாகிவிடுகிறது.

சுமைச் சோதனைக்கான விதியிலும் இதே கோளாறு உண்டு. 600 மில்லிமீட்டர் விட்டம் வரையுள்ள பைலுக்கு, 12 மில்லிமீட்டர் தாழும்போது இருந்த சுமையில் மூன்றில் இரண்டு பங்கு, விட்டத்தில் பத்து சதவீதம் தாழும்போது இருந்த சுமையில் பாதி, இவற்றில் சிறியதைப் பாதுகாப்பான சுமையாக எடுக்க வேண்டும். இந்த இரட்டை நிபந்தனையின் தர்க்கம் நல்லது. பைலின் பக்க உராய்வு சில மில்லிமீட்டர் நகர்விலேயே முழுதாக எழுந்துவிடும். முனையின் எதிர்ப்பு எழ அதைவிடப் பல மடங்கு நகர்வு வேண்டும். 400 மில்லிமீட்டர் பைலில் பத்து சதவீதம் என்பது 40 மில்லிமீட்டர். அவ்வளவு தாழும்வரை கட்டடம் காத்திருக்காது என்பதால் 12 மில்லிமீட்டர் நிபந்தனை அங்கே நிற்கிறது. ஆனால் ஒரு பைலைச் சோதித்தாலும் ஐந்தைச் சோதித்தாலும் அதே மூன்றில் இரண்டு, அதே பாதிதான். கூடுதலாகச் சோதித்தவருக்கு விதிநூல் எந்தச் சலுகையும் தருவதில்லை, ஒன்றோடு நிறுத்திக்கொண்டவரிடம் எந்த விலையும் கேட்பதில்லை. கூடவே, காற்றுச் சுமை சேரும்போது பைலின் பாதுகாப்பான சுமையை 25 சதவீதம் வரை மீறலாம் என்ற அனுமதியும் உண்டு. பாதி என்ற நிபந்தனை ஆளும் இடத்தில் 2.0 என்று இருந்தது 1.6 ஆகும். ஐந்து பைல்கள் சோதித்த தளத்தில் அதை ஏற்கலாம். ஒரே பைல் சோதித்த தளத்தில் என்னால் ஏற்க முடியவில்லை.

கணிப்பு எவ்வளவு ஆடும் என்பதற்கு விதிநூலின் சொந்தச் சூத்திரமே சாட்சி. மணலில் அடித்து இறக்கும் பைலின் முனை எதிர்ப்புக்கு துளைக்குள் ஒரு குழாயைச் சம்மட்டியால் அடித்து இறக்கும் எஸ்.பி.டி. சோதனையின் 'N' மதிப்பை வைத்து ஒரு மேல் வரம்பு உண்டு: சதுர மீட்டருக்கு N மதிப்பின் 400 மடங்கு கிலோநியூட்டன். N 20 என்றால் 8,000, 30 என்றால் 12,000. 20க்கும் 30க்கும் இடையிலான வித்தியாசம் மண்ணிலிருந்து மட்டும் வருவதில்லை. சம்மட்டியைக் கயிற்றால் இழுத்து விடும் விதம், துளையின் அடியில் தேங்கிய சேறு, துளைக்குள் நீர்மட்டம் இறங்கியது என எதனாலும் வரலாம். இந்த ஆட்டம் முழுவதையும் 2.5 தனியாகச் சுமக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

2.5ஐ ஆதரிப்பவர்களிடமும் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. சோதனையைப் பொறுத்துக் காரணியைக் குறைக்கலாம் என்றால், சோதனையின் முடிவில் பணம் ஏறிவிடுகிறது. மேற்பார்வை தளர்ந்த தளத்தில் ஒரு பொய்யான சோதனை அறிக்கை காரணியை இரண்டுக்கு இறக்கிவிடும். யாராலும் பேரம் பேச முடியாத நிலையான எண் அப்படிப்பட்ட இடங்களில் ஓர் அரணாக நிற்கிறது. இது உண்மை. ஆனால் அந்த அரண் எதைத் தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். இரும்புக் குழாயை அடித்து இறக்கி, உள்ளே கான்கிரீட் போட்டுக் குழாயை உருவும் பைல்களில், இளகிய களிமண் அடுக்கில் கான்கிரீட் இடுப்பு சிறுத்துப் போவதுண்டு. பக்கத்துப் பைலை அடிக்கும்போது ஏற்கெனவே அடித்த பைல் மேலெழும்பி முனை மண்ணை விட்டு விலகுவதுண்டு. மண்ணை வைத்துக் கணக்கிட்ட திறனை 2.5ஆல் வகுத்தால் இந்தக் குறைகள் எதுவும் சரியாகாது. பைல் குறையில்லாமல் முழுதாக இருக்கிறதா என்று பார்க்கும் முழுமைச் சோதனையும், மட்டம் பார்த்து மீண்டும் அடிப்பதும்தான் வழி. மோசமான மேற்பார்வைக்கு மருந்தாக நிலையான எண்ணை வைத்திருக்கிறோம் என்றால், அந்த மருந்து அந்த நோய்க்கு உரியதல்ல.

அமெரிக்க ஏணியையும் அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. அதன் எண்கள் அவர்கள் திரட்டிய சோதனைத் தரவுகளிலிருந்து வந்தவை. பழைய நடைமுறையோடு பெரிதாக முரண்படாதபடியும் பொருத்தப்பட்டவை. அவர்களுடைய சம்மட்டி, அவர்களுடைய துளையிடும் முறை, அவர்களுடைய மண். எண்ணூரின் கடல்களிக்கோ கொல்கத்தாவின் மென்களிமண்ணுக்கோ 0.65 பொருந்தும் என்று யாரும் நிரூபித்ததில்லை. இங்கே அடித்த பைல்களின் சுமைச் சோதனை முடிவுகள் ஒப்பந்தக்காரர்களிடமும் ஆலோசகர்களிடமும் அரசுத் துறைகளிடமும் கோப்புக் கோப்பாகக் கிடக்கின்றன. அவற்றை ஓரிடத்தில் திரட்டிச் சிதறலைக் கணக்கிட்டால்தான் நமக்கென்று எண்கள் வரும். அதுவரை ஏணியின் படிகளை வாங்கலாம், படிகளின் உயரத்தை வாங்கக் கூடாது.

டைனமிக் சோதனையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். களிமண்ணில் பைல் அடிக்கும்போது துளை நீரழுத்தம் எகிறி, மண் தற்காலிகமாகப் பலமிழக்கிறது. நாட்கள், வாரங்கள் செல்லச் செல்ல அழுத்தம் வடிந்து திறன் கூடுகிறது. அடித்து முடித்த கணத்தில் அளந்தால் திறன் குறைவாகத் தெரியும். தேவையில்லாமல் பைலை நீட்டுவார்கள், பணம் போகும். அடர்ந்த நுண்மணலிலும் சிதைந்த ஷேல் பாறையிலும் இதற்கு நேரெதிராக நடக்கலாம். அடிக்கும்போது நன்றாக எதிர்த்த மண் பிறகு தளர்ந்து திறன் குறையும். அங்கே அடித்து முடித்த அன்றைய அளவு பொய்யான தைரியம் தரும். ஆகவே சில நாட்கள் கழித்து மீண்டும் அடித்து அளக்காத டைனமிக் சோதனைக்கு 2.25 என்ற சலுகை தரக் கூடாது என்பது என் கருத்து.

இவை எல்லாவற்றையும் மிஞ்சிய ஒரு கேள்வி இருக்கிறது. தனிப் பைலின் காரணி எவ்வளவு சரியாக இருந்தாலும் அது எதைக் காக்காது? சான் பிரான்சிஸ்கோவின் மில்லெனியம் டவர் 58 மாடிக் கட்டடம். 2009இல் திறக்கப்பட்டது. 14 அங்குலச் சதுர பிரீஸ்ட்ரெஸ்ட் கான்கிரீட் பைல்களைச் சுமார் 950 அடித்து இறக்கி, அவற்றின் தலையில் பத்தடி தடிமனுள்ள அடித்தளப் பலகையைப் போட்டார்கள். பைல்கள் இறுகிய கோல்மா மணல் அடுக்கில் நின்றன. பாறை 200 அடிக்கும் கீழே இருந்தது. மணலுக்கும் பாறைக்கும் நடுவில் பழைய விரிகுடாக் களிமண் தடிமனாகப் படிந்திருந்தது. 2016 வாக்கில் கட்டடம் 16 அங்குலம் தாழ்ந்து சாய்ந்திருந்தது. ஆயுள் முழுவதற்குமே நான்கு முதல் ஆறு அங்குலம்தான் எதிர்பார்த்திருந்தார்கள். தனிப் பைல் ஒன்று மண்ணைக் கிழித்து இறங்கியதால் வந்த வினை இல்லை இது. பைல் கூட்டம் முழுவதும் ஒரே கட்டியாகத் தன் பளுவைக் கீழேயுள்ள களிமண்ணுக்கு அனுப்பியது. களிமண் நீரை வெளியேற்றி மெல்ல இறுகியது. தனிப் பைலின் காரணியை மூன்றாக, நான்காக உயர்த்தி அதே மணலில் கூடுதலாகப் பைல் அடித்திருந்தாலும் அந்தக் களிமண்ணுக்குப் போய்ச் சேரும் பளு குறைந்திருக்காது. கடைசியில் ஓரத்தில் 18 புதிய பைல்களைப் பாறைவரை இறக்கி, கட்டடத்தின் பளுவில் ஒரு பங்கை அவற்றுக்கு மாற்றினார்கள். அந்தப் பணி 2023இல் முடிந்தது.

எதிர்மறை உராய்வும் இந்த வகையைச் சேர்ந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பையொட்டி நடப்பதுபோல, மென்களிமண்மேல் மண் நிரப்பிக் கட்டும் இடங்களில், களிமண் இறுகித் தாழும்போது பைலையும் கீழே இழுக்கும். தாங்க வேண்டிய உராய்வே சுமையாக மாறுகிறது. அதைச் சுமைப் பக்கத்தில் கூட்டாமல் காரணியைப் பெரிதாக்கிச் சமாளிக்கப் பார்ப்பது தவறு. எவ்வளவு என்று கணக்கிட்டுக் கூட்டத்தான் வேண்டும்.

ஆக, என் தீர்ப்பு நிலையான 2.5க்கு எதிரானது. அது தவறான எண் என்று நான் சொல்லவில்லை. நன்றாகத் துளையிட்டுப் பார்த்த தளத்தில், அக்கம்பக்கச் சோதனைகளோடு ஒத்துப்பார்த்த நிலைச் சூத்திரத்துக்கு அது நியாயமான எண். ஓரிரண்டு போர்ஹோலும் சூத்திரமும் மட்டும் இருக்கும் தளத்துக்கு 3.0க்குக் குறைந்து போகக் கூடாது. ஒவ்வொரு மண் பகுதியிலும் சுமைச் சோதனை செய்து, மீண்டும் அடித்து அளந்த டைனமிக் முடிவுகள் அதோடு ஒத்துப்போனால் 2.0 போதும். சூத்திரத்தின்படி கணக்கிடும் கடைசி இறக்கம், அடிக்கும் வேலையைக் கட்டுப்படுத்த மட்டுமே. அதிலிருந்து அனுமதிச் சுமையை எடுக்கக் கூடாது. ஒரு தூணின் கீழ் ஐந்துக்கும் குறைவான பைல்கள் இருந்தால், ஒன்று தவறினால் பங்கிட்டுக்கொள்ள ஆளில்லை. ஆஷ்டோ அங்கே குறைப்பு எண்ணை மேலும் 20 சதவீதம் குறைக்கிறது. அதாவது காரணி கால் பங்கு கூடுகிறது, 2.0 என்பது 2.5 ஆகிறது. இதை நாமும் ஏற்க வேண்டும். பைல் கூட்டத்தின் தாழ்ச்சியும் எதிர்மறை உராய்வும் எந்தப் படியிலும் தனிக் கணக்காகவே இருக்க வேண்டும்.

இதில் செலவு கூடுமா? முன்னே சொன்ன 1,500 கிலோநியூட்டன் பைலை எடுத்துக்கொள்வோம். 2.5இல் 600, 2.0இல் 750. 60,000 கிலோநியூட்டன் சுமைக்கு 100 பைல் தேவைப்பட்ட இடத்தில் 80 போதும். மிச்சமாகும் 20 பைல்களின் விலையிலிருந்து சில சுமைச் சோதனைகளுக்குப் பணம் கொடுக்க முடியும். தளம் பெரிதாகப் பெரிதாக இந்தக் கணக்கு சோதனையின் பக்கமே சாயும். இருபது பைல் போடும் சிறு கட்டடத்துக்கு அது கட்டுப்படியாகாது, அங்கே 3.0 வைத்துக்கொண்டு நாலு பைல் கூடுதலாக அடிப்பதுதான் சிக்கனம்.

தடையாக நிற்பது பணத்தைவிட வேலைகளின் வரிசை. நம் ஒப்பந்தங்களில் பைல் எண்ணிக்கை டெண்டரிலேயே முடிவாகிவிடுகிறது. ஆரம்பச் சுமைச் சோதனை வேலை தொடங்கியபின் நடக்கிறது. அதற்குள் வரைபடங்கள் ஒப்புதலாகி, கம்பி வெட்டியாகிவிடும். சோதனை நல்ல முடிவு தந்தாலும் எண்ணிக்கையைக் குறைக்க யாருக்கும் அதிகாரமில்லை. மோசமான முடிவு தந்தால் அதை ஏற்கவும் யாருக்கும் மனமில்லை. ஐ.எஸ். 2911 அடுத்த முறை திருத்தப்படும்போது காரணிக்கு ஏணியைப் போடுவதோடு, ஆரம்பச் சோதனையைத் தனி ஒப்பந்தமாக, டெண்டருக்கு முன்பே முடிக்க வேண்டும் என்று அரசுத் துறைகளும் விதி செய்ய வேண்டும். துறைமுகங்களும் மின் நிலையங்களும் கட்டுகிறவர்களிடம் அதற்கான காலமும் நிலமும் இருக்கின்றன.